நூறு எண்ணும் வரை

முத்திரை வைத்த பொட்டலத்தைக் கொண்டுவந்த காவலர் அதை மேசையில் வைக்கவில்லை. தூங்கும் குழந்தையைப் பிடித்திருப்பவர்போல இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நின்றார்.

"வைங்க சார், அது கடிக்காது," என்றான் சகாயம். தடய அறிவியல் கூடத்தின் துப்பாக்கிப் பிரிவில் அவன் உதவியாளன். வருஷக்கணக்காகக் கொலைப் பொட்டலங்களைப் பிரித்துப் பிரித்து, எதற்கும் பதறாத வாய் அவனுக்கு வந்திருந்தது. "கடிச்சு முடிச்சுட்டுத்தான் இங்க வருது."

காவலர் சிரிக்கவில்லை. பொட்டலத்தை மெதுவாக இறக்கினார். சட்டையில் குத்தியிருந்த பெயர்ப்பட்டை முனிரத்தினம் என்றது. ஐம்பதை நெருங்கும் வயது. சட்டைப் பைக்கு மேலே, இடப்பக்க மார்பை, புறங்கையால் அடிக்கடி தேய்த்துக்கொண்டார்.

பிரிவின் தலைவி மங்கையர்க்கரசி, பொட்டலத்தோடு வந்த கடிதத்தைப் படித்தாள். தேன்கரட்டு மலையில் ரோந்து போன உதவி ஆய்வாளரையும் காவலரையும் நோக்கி, ஓடைக்கு அக்கரையிலிருந்து ஒருவன் நாட்டுத் துப்பாக்கியால் சுட்டான். திருப்பிச் சுட்டதில் அவன் இறந்தான். பெயர் சடையன். பொட்டலத்தில் இருப்பவை: நாட்டுத் துப்பாக்கி ஒன்று, ரைஃபிளின் காலித் தோட்டா ஒன்று, பிஸ்டலின் காலித் தோட்டா ஒன்று.

"சூட்டொலி பாக்கணும்னு சடையன் சம்சாரம் மனு போட்டிருக்காங்க," என்றாள். "பாத்துட்டுச் சொல்றோம். நீங்க போகலாம்."

அவர் போகவில்லை. "மேடம், ஒண்ணு கேக்கலாமுங்களா? அந்தத் தோட்டாவுக்கு எப்படிக் காது கேக்குது? பித்தளைதானுங்களே."

இந்தக் கேள்வி அவளுக்குப் பழகியதுதான். பொட்டலத்தின் மேலிருந்த அரக்கு முத்திரையைத் தொட்டுக் காட்டினாள். "இது உருகி இருக்கறப்போ விரல் வெச்சா ரேகை விழும்ல? ஆறினப்புறம் வெச்சா விழாது. அதே கதைதான். இப்ப வர்ற தோட்டாவுல புது உலோகம் கலக்கறாங்க. வெடிச்சு வெளிய விழுந்ததும் நல்ல சூட்டுல இருக்கும். ஆறுற வரைக்கும் பக்கத்துல என்ன சத்தம் கேக்குதோ, அது உள்ளுக்குள்ள வரி வரியாப் படிஞ்சுடும். நாங்க அந்த வரிய மறுபடி சத்தமா மாத்தறோம்."

"வெடிக்கறதுக்கு முன்னாடி பேசினது?"

"அது வராது. வெடிச்சதுக்கு அப்புறம் மட்டும்தான்."

"நூறு எண்ணுற வரைக்கும்."

"ஆமா. அதுக்குள்ள ஆறிடும்."

முனிரத்தினம் தொப்பியைக் கையில் திருப்பினார். "தரையில கெடந்தா நூறு. யாராச்சும் எடுத்து… பையில கியில போட்டாலும் நூறுதானுங்களா?"

"எங்க கெடந்தாலும் பித்தளை பித்தளைதானே," என்றாள் மங்கை, கையெழுத்துப் போட்டபடி.

அவர் தலையாட்டினார். வாசல்வரை போனவர் மறுபடி திரும்பிப் பொட்டலத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்.

*

சூட்டொலி வந்த புதிதில் ஊரே அதைக் கொண்டாடியது. செய்யாத கொலைக்கு உள்ளே கிடந்தவர்கள் வெளியே வந்தார்கள். 'சுட்டது நானில்லை' என்று சத்தியம் செய்தவர்களின் குரலே தோட்டாவுக்குள்ளிருந்து எழுந்து அவர்களைக் காட்டிக்கொடுத்தது. இறந்தவரின் குடும்பத்துக்கு அதைக் கேட்கும் உரிமையைச் சட்டமும் கொடுத்தது. கூடத்தின் பின்பக்கம் அதற்கென்று ஓர் அறை கட்டினார்கள். கேட்பறை என்று பெயர். மகன் கடைசியாகத் தன்னைக் கூப்பிட்டதைக் கேட்ட ஒரு தகப்பன், அந்த அறையின் நாற்காலியை விட்டு எழ மறுத்ததை மங்கை பார்த்திருக்கிறாள்.

பிறகுதான் மௌனம் வந்தது. துப்பாக்கி தூக்குகிறவர்கள் எல்லோரும், காக்கிச் சட்டையானாலும் கைலியானாலும், ஒரே பாடத்தைக் கற்றுக்கொண்டார்கள். சுட்டால் வாயைத் திற‌க்காதே. நூறு எண்ணு. அப்புறம் பேசு. காவலர் பயிற்சியிலேயே அதை எழுதாத விதியாகச் சொல்லிக்கொடுப்பதாகப் பேச்சு. குண்டடிபட்டவன் கண்முன்னே துடிக்க, சுற்றி நிற்பவர்கள் உதடு மட்டும் அசைய எண்ணிக்கொண்டிருப்பார்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிடக்கூட ஒருவரும் வாய் திறப்பதில்லை. அரசு மருத்துவமனை டாக்டர் ஒருமுறை அவளிடம் சொன்னார்: "பொழைச்சு வர்றவங்க வலியப் பத்திப் பேசறதில்ல மேடம். 'யாருமே ஒரு வார்த்தை பேசலைங்க'ன்னுதான் திரும்பத் திரும்பச் சொல்றாங்க."

அந்த நூறு மங்கையின் வாயிலிருந்து வந்ததுதான். முதல் வழக்கில் சாட்சிக் கூண்டில் நின்றபோது, தோட்டா எவ்வளவு நேரம் கேட்கும் என்று வக்கீல் கேட்டார். "சுமார் நூறு எண்ணும் நேரம்" என்றாள். தீர்ப்பில் அது வந்தது. தீர்ப்பிலிருந்து விதிமுறைக்கு வந்தது. சுமார் என்ற சொல் வழியில் எங்கோ உதிர்ந்துபோனது.

*

நாட்டுத் துப்பாக்கியைச் சகாயம்தான் முதலில் எடுத்தான். குழலுக்குள் விளக்கடித்துப் பார்த்தவன் வாய்விட்டுச் சிரித்தான்.

"மேடம், இதுல ஒரு குடும்பமே குடியிருக்கு."

குழலின் வாய்க்குச் சற்று உள்ளே குளவி மண்கூடு கட்டியிருந்தது. காய்ந்து கல்லாகி, ஓரத்தில் ஒரு விரிசல்கூட இல்லாமல் இருந்தது. இந்தத் துப்பாக்கி சுட்டிருந்தால் கூடு தூளாகியிருக்க வேண்டும். யாரோ வீட்டுப் பரணிலிருந்து இறக்கிக்கொண்டுவந்து பிணத்தின் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். அவசரத்தில் குழலுக்குள் பார்க்க மறந்துவிட்டார்கள்.

பிஸ்டலின் தோட்டாவை இயந்திரத்தில் வைத்தார்கள். வெடிச் சத்தத்தின் வால் ஒரு கணம் ரீங்கரித்தது. பிறகு இலைகளின் சலசலப்பு. தூரத்தில் ஏதோ பறவை. மனிதக் குரல் இல்லை. நூறு வரை ஓடி நின்றது.

ரைஃபிள் தோட்டாவை வைத்தபோது மங்கை வேறொன்றை எதிர்பார்க்கவில்லை. வெடியின் வால் அடங்கியது. உடனே ஒரு முனகல், மிக அருகில். ஓடைக்கு அக்கரை என்று கடிதம் சொன்ன ஆள் நாலெட்டுத் தூரத்தில் இருந்தான்.

"ஐயோ… காலு… ஐயா, நான் கடுக்கா பொறுக்க வந்தவனுங்க."

பதில் இல்லை.

"ஐயா, யாராச்சும் பேசுங்களேன்."

பதில் இல்லை. சருகுகளில் பூட்ஸ் கால்கள் தேய்ந்தன. அங்கும் இங்குமாக, குனிந்து தேடுகிற ஆளின் நடை. சகாயத்துக்கு அது புரிந்துவிட்டது.

"எம்ட்டியத் தேடறாரு மேடம். ஆயுதக் கிடங்குல திருப்பிக் குடுக்கலன்னா தாளிச்சுடுவாங்க. ஒரு காலித் தோட்டா தொலைஞ்சு ஆறு மாசம் மெமோவுக்குப் பதில் எழுதின ஆளெல்லாம் இருக்காங்க. சுட்டதும் கண்ணு தன்னால தரைக்குப் போயிடும்."

அடிபட்டவனைப் பார்ப்பதற்கு முன்பே காலித் தோட்டாவைத் தேடுகிற பழக்கம். மங்கைக்கு அது தெரியும். எத்தனையோ சம்பவ இடங்களை அந்தப் பழக்கம் கெடுத்திருக்கிறது. தோட்டா எங்கே விழுந்தது என்று குறிப்பதற்குள் யாரோ பொறுக்கிப் பையில் போட்டிருப்பார்கள்.

பூட்ஸ் சத்தம் விலகிப் போனது. அப்போது அந்தக் குரல் மறுபடி வந்தது. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, ஆனாலும் பொறுமையாக.

"ஐயா, அங்க இல்லீங்க. இந்தக் கல்லுக்கு அந்தாண்ட… மினுங்குது பாருங்க."

பூட்ஸ் நின்றது. திரும்பி வந்தது. விரல்கள் உரசும் ஒலி, சுருக்கென்று ஒரு மூச்சு, துணியின் கரகரப்பு. அதன்பின் எல்லாச் சத்தமும் போர்வைக்குள்ளிருந்து கேட்பதுபோல மங்கியது. அதற்கு மேலே, கதவைத் தட்டுவதுபோல, திம் திம் திம் என்று ஓர் இதயம்.

இயந்திரம் வழக்கப்படி நூறில் நின்றது. ஆனால் திரையில் வரி நிற்கவில்லை. உலோகத்துக்குள் இன்னும் படிந்திருந்தது. மங்கை சகாயத்தைப் பார்த்தாள். பிறகு கையால் இயந்திரத்தை மறுபடி ஓடவிட்டாள்.

இதயத்தின் தட்டலுக்கு நடுவே புதுக் குரல் ஒன்று கேட்டது. நிதானமான, அதிகாரமான குரல்; உதவி ஆய்வாளராகத்தான் இருக்க வேண்டும்.

"எடுத்துட்டியா?"

"எடுத்துட்டனுங்கய்யா." இது முனிரத்தினத்தின் குரல். "தூக்கிட்டுப் போயிடலாமுங்கய்யா. கீழ ஜீப்பு இருக்குது. பன்னின்னு நெனச்சு சுட்டுட்டேன்னு நானே எழுதிக் குடுத்துடறேன்."

"கால் போனவன் கோர்ட்டுக்கு வருவான்யா. செத்தவன் வரமாட்டான். தள்ளி நில்லு."

"வேணாங்கய்யா. அவருதானுங்க எடுத்துக் குடுத்தாரு."

இரண்டாவது வெடி. இதயம் ஒரு தட்டலைத் தவறவிட்டது. பிறகு வெறிபிடித்ததுபோல ஓடியது.

சகாயம் திரையில் ஓடிய வரியின் நீளத்தைக் குறித்துக்கொண்டான்.

*

மறுநாள் கூடத்தின் சுடுதளத்தில் அவர்கள் சோதித்துப் பார்த்தார்கள். மங்கை சுட்டாள். சகாயம் தோட்டாவை இடுக்கியால் எடுத்துச் சட்டைப் பையில் கைக்குட்டைக்கு நடுவே போட்டுக்கொண்டான்.

"ஆத்தாடி! நெஞ்சே வெந்துபோச்சு மேடம்!" என்று குதித்தான். பிறகு அவள் சொன்னபடி தளத்தைச் சுற்றி நடந்துகொண்டே பேசினான். வீட்டுக்குப் போகும்போது தயிர் வாங்க வேண்டும், மாமியார் வந்து ஒரு மாசமாகிறது, இன்னும் போகிற வழியைக் காணோம் என்றெல்லாம்.

அந்தத் தோட்டாவை இயந்திரத்தில் ஓடவிட்டபோது தயிரும் வந்தது, மாமியாரும் வந்தாள். துணியில் சுற்றிய சோற்றுப் பானைபோலப் பையின் கதகதப்பில் தோட்டா ஆறவே இல்லை. நானூறைத் தாண்டியும் கேட்டுக்கொண்டிருந்தது.

'பையில போட்டாலும் நூறுதானுங்களா?' புறங்கையால் மார்பைத் தேய்த்துக்கொண்டே அவர் கேட்டது மங்கைக்கு நினைவு வந்தது. கையெழுத்துப் போட்டபடி தான் சொன்ன பதிலும்.

துணை இயக்குநர் வேதநாயகம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. கேட்டு முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"குளவிக்கூட்ட எழுதும்மா. நாலெட்டுத் தூரத்துல இருந்தான்னு எழுது. அதுவே போதும், கேஸு சந்தேகத்துக்கு வந்துடும். நூறுக்கு மேல இருக்கறத விட்டுடு."

"கொலை நூறுக்கு மேலதான் சார் இருக்கு."

"எனக்குப் புரியாமலா சொல்றேன்? நூறுக்கு மேலயும் கேக்கும்னு நீ எழுதுன அன்னிக்கே, இதுவரைக்கும் நாம நூறுல நிறுத்தின அத்தனை கேஸும் எழுந்து நிக்கும். தூக்கு வாங்கினவன் வக்கீலு வருவான், விடுதலையானவன் மேல கேஸு போட்டவன் வருவான். 'அப்ப நீங்க சொன்னது பொய்யா'ன்னு உன்னைத்தான் கூண்டுல ஏத்துவாங்க. அப்புறம் சூட்டொலியவே எந்தக் கோர்ட்டும் நம்பாது. ஒரு சடையனுக்காக எல்லாத்தையும் கவுக்கப் போறியா?"

சிறு வயதிலிருந்தே அவளுக்கு அப்படித்தான். பதில் எல்லாம் வீட்டுக்குப் போன பிறகு வரும்.

"விதிமுறையில நூறுன்னுதான் இருக்கு," என்றார் அவர் மென்மையாக. "விதிப்படி செய்யறது தப்பில்லம்மா."

விதிப்படி செய்வதாகத் தலையாட்டிவிட்டு வந்தாள்.

*

கேட்கும் நாளன்று தாழ்வாரத்து பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி சடையனின் மனைவி செவந்தி. மலையிலிருந்து விடியற்காலைப் பஸ் பிடித்து வந்திருந்தாள். மறுமுனையில் முனிரத்தினம், காக்கிச் சட்டை இல்லாமல், சாதாரண வேட்டி சட்டையில். பரிசோதனை முடிந்த பொட்டலத்தைத் திருப்பி வாங்கிப் போக வந்தாராம்.

கதவைத் திறந்த மங்கை அப்படியே நின்றுவிட்டாள். செவந்தி முந்தானை முடிச்சிலிருந்து சுட்ட பலாக்கொட்டைகளை எடுத்து அவரிடம் நீட்டிக்கொண்டிருந்தாள்.

"தின்னுங்க ஐயா. நான் வந்ததுலேருந்து பாக்கறேன், ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்கல நீங்க. உங்களதும் யாராச்சும் போயிட்டாங்களா?"

"இல்லீங்கம்மா."

"பின்ன எதுக்கு இந்த எடத்துல வந்து ஒக்காந்திருக்கீங்க? நல்லவங்க வர்ற எடமா இது?"

அவர் ஒரு கொட்டையை வாங்கினார். வாயில் போடாமல் உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

கேட்பறையில் செவந்தி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். "என்ன வந்தாலும் தாங்கிக்கறேன். போடுங்க," என்றாள். "துப்பாக்கி வெச்சிருந்தாருன்னு சொல்லி என் புள்ளைங்கள இஸ்கூல்ல கொள்ளக்காரன் புள்ளைங்கன்னு கூப்புடறாங்க. அது பொய்யின்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணுதான். கடைசில அவருகிட்ட யாராச்சும் பேசினாங்களா?"

மங்கை பொத்தானை அழுத்தினாள்.

முனகல் வந்தபோது செவந்தி கண்களை மூடிக்கொண்டாள். 'யாராச்சும் பேசுங்களேன்' என்று வந்தபோது அவள் உதடுகள் அசைந்தன. இங்கிருந்தே பதில் சொல்கிறாளோ என்று மங்கைக்குத் தோன்றியது. பூட்ஸ் கால்கள் தேடின. 'ஐயா, அங்க இல்லீங்க' என்ற குரல் வந்தது.

செவந்தி சிரித்துவிட்டாள். அழுகையோடு கலந்து, தன்னை அறியாமல் பீறிட்ட சிரிப்பு.

"அவருதான். அவரேதான். சந்தையில யாரு என்னத்தத் தொலைச்சாலும் இந்த மனுசன் நின்னு தேடிக் குடுத்துட்டுத்தான் வருவாரு. பஸ்ஸு போயிடும். நான் வையாத வசவில்ல. சுட்டவனுக்கா தேடிக் குடுக்கணும், பைத்தியக்கார மனுசா…"

இதயம் தட்டத் தொடங்கியது. திரையில் எண் ஏறியது. நூறு. இயந்திரம் நின்றது. மங்கை கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவ்ளோதாம்மா."

செவந்தி இயந்திரத்தைப் பார்த்தாள். பிறகு மங்கையைப் பார்த்தாள்.

"அவ்ளோதானா? அவரு இன்னும் சாகலியே."

சட்டம், விதிமுறை, தீர்ப்பு என்று மங்கையின் மனத்துக்குள் வந்த எந்தச் சொல்லும் அந்தப் பெண்ணின் முகத்துக்கு எதிரே நிற்கவில்லை.

கதவு மெல்லத் தட்டப்பட்டது. முனிரத்தினம் தலையை மட்டும் நீட்டினார். வெளியிலேயே நின்றிருக்க வேண்டும். அந்தக் கதவு அவ்வளவு கனமானதல்ல.

"மேடம், என் குரலோட மாதிரிய எடுக்கணுமுன்னா எடுத்துக்குங்க."

மங்கை எழுந்து அவரிடம் போனாள். "கோர்ட்டு உத்தரவு இல்லாம நான் உங்களக் கட்டாயப்படுத்த முடியாது," என்றாள் தாழ்ந்த குரலில். "முதல் குண்டு உங்களது. நீங்களும் உள்ள போவீங்க."

"தெரியுமுங்க." அவரும் குரலைத் தாழ்த்தினார். "சுட்டுப் பழகுற ரேஞ்சுல கெடந்த வேற எம்ட்டிய மாத்தி வெச்சுப் பொட்டலம் கட்டச் சொன்னாரு எஸ்.ஐ. கட்டினது நான்தானுங்க. மாத்தல. அதுவே சொல்லிக்கட்டும், நான் வாயத் தொறக்க வேணாம்னு நெனச்சேன். நீங்க பையில போட்டாலும் நூறுதான்னு சொன்னீங்க. அன்னிக்கு வீட்டுக்குப் போயி சோறு எறங்கல."

பதிவில் இருப்பது யார் குரல் என்று ஒப்பிட மாதிரி எடுக்கும்போது எண்களைத்தான் சொல்லச் சொல்வார்கள். ஒன்றிலிருந்து நூறு வரை சொன்னால் வேண்டிய ஒலிகள் எல்லாம் வந்துவிடும். மங்கை ஒலிவாங்கியை அவர் முன் நகர்த்தினாள். சட்டையின் மேல் பொத்தான் திறந்திருந்தது. இடப்பக்க மார்பில், விரல் நுனி அளவுக்கு வட்டமாக ஒரு தீக்காயம் கறுத்திருந்தது.

செவந்தி எழுந்து போகவில்லை. யாரும் அவளைப் போகச் சொல்லவும் இல்லை. அவள் அந்தக் காயத்தைப் பார்த்தாள். பிறகு பலாக்கொட்டையை இன்னும் மூடியிருந்த அவர் கையைப் பார்த்தாள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு…" என்று முனிரத்தினம் தொடங்கினார்.

முதல் எண்ணிலேயே மங்கைக்குப் புரிந்தது: இந்த மனிதர் இதற்கு முன்பும் இதே நூறை எண்ணியிருக்கிறார், வாய்க்குள், மலைமேல், ஒருவன் பேசச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருக்கும்போது. நாற்பதில் நின்று மறுபடி தொடங்கினார். செவந்தி அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அறுபது, எழுபது என்று அது ஊர்ந்தபோது, நூறு எவ்வளவு நீளமான எண் என்று மங்கைக்கு முதன்முறையாகத் தெரிந்தது. இவ்வளவு நேரத்தில் ஓர் ஆளைத் தோளில் தூக்கிக்கொண்டு பாதி மலை இறங்கியிருக்கலாம்.

"தொண்ணூத்தெட்டு. தொண்ணூத்தொம்பது. நூறு."

மங்கையின் விரல் பழக்கத்தில் பொத்தானுக்குப் போனது.

முனிரத்தினம் ஒலிவாங்கியிலிருந்து முகத்தைத் திருப்பிச் செவந்தியைப் பார்த்தார்.

"நூத்தி ஒண்ணு," என்றார். "நூத்தி ஒண்ணுலதாம்மா எஸ்.ஐ. பேசினாரு."

மங்கை பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள்.